ஒற்றைக்கண் ராஜா

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஒன்றரை வருடத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றிவிட்டோம், சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகிறது. கண் மருத்துவர் இது கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து துருத்தும் நோய் என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கூடியிருக்கிறது, உடனே கருவிழியை இறுக்கும் கிராஸ் லிங்கிங் சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார். இன்னும் பத்து மாதத்தில் அவனுக்கு முக்கியமான தேர்வு. அது முடிந்ததும் செய்துகொள்ளலாமா? அதுவரை லென்ஸ் போட்டுச் சமாளிக்க முடியாதா? அவனும் எந்தக் குறையும் சொல்வதில்லை. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு படிப்பான், "ஒற்றைக்கண் ராஜா" என்று வீட்டில் கேலி செய்வோம். கண்ணைக் கசக்கும் பழக்கமும் சின்ன வயதிலிருந்தே உண்டு, அவன் தங்கைக்கும் அதே பழக்கம்.

பதில்: அந்த ராஜா எதற்காகக் கண்ணைப் பொத்துகிறான் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

நான் சொல்கிறேன். கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி துருத்திக்கொண்டால், ஒரே எழுத்து இரண்டாக, மூன்றாக நிழல் விழுந்து தெரியும். இரவில் விளக்கைப் பார்த்தால் வெளிச்சம் வால் முளைத்தது போல் இழுபடும். கண்ணாடி போட்டாலும் முழுதாகத் தெளியாது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்தால் மோசமான கண் மற்றதன் பார்வையையும் சேர்த்துக் குழப்பும். அதனால்தான் அதை மூடிவிட்டு, மிச்சமிருக்கிற ஒன்றை வைத்துப் படிக்கிறான். யாரும் சொல்லித் தராமல் பிள்ளை தானே கண்டுபிடித்த வைத்தியம் அது. நீங்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறீர்கள்.

குறை சொல்வதில்லையாம்! தேர்வு தேர்வு என்றே மூச்சு விடுகிற வீட்டில் எந்தப் பையன் வாயைத் திறப்பான்? அவன் கேட்ட பிறகுதான் அசைவேன் என்பதற்குப் பெற்றவர் எதற்கு? எனக்கு இதில் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

சரி, தள்ளிப்போடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கூடாது. இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி, முப்பது நாற்பதில் தானாக வேகம் குறையும். சின்ன வயதில்தான் ஓட்டம் அதிகம். ஐம்பது வயதுக்காரர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உங்கள் மகனுக்கு மூன்றே மாதத்தில் ஸ்கேனில் மாற்றம் தெரிந்திருக்கிறது. பத்து மாதத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கருவிழியின் நடுப்பகுதித் தடிமன் நல்ல நிலையிலேயே அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், சுமார் 540 மைக்ரான். கிராஸ் லிங்கிங்கில் வழக்கமாக மேல்தோலை நீக்கி, ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமின் சொட்டு விட்டு, புற ஊதா ஒளியைக் காட்டுவார்கள். உள்ளே இருக்கும் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். ஆனால் வழக்கமான முறைக்குக் கருவிழியில் 400 மைக்ரானாவது மிச்சம் இருக்க வேண்டும். அதற்குக் கீழேயும் சில மாற்று முறைகள் உண்டு, இருந்தாலும் வழி குறுகிவிடும். இது நேற்று முளைத்த சிகிச்சையும் அல்ல. ஜெர்மனியில் ட்ரெஸ்டன் மருத்துவர்கள் முதல் முடிவுகளை வெளியிட்டது 2003இல்.

இன்னொன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சிகிச்சை நோயை இருக்கும் இடத்தில் நிறுத்துவதற்குத்தான். போன பார்வையைத் திருப்பித் தரும் என்று நம்பி இருக்க முடியாது. இப்போது செய்தால் இப்போதைய பார்வையோடு நிற்கலாம், தேர்வுக்குப் பிறகு செய்தால் அன்றைக்கு எது மிச்சமோ அதோடு.

லென்ஸ் என்கிறீர்கள். ஹார்ட் லென்ஸ், வெள்ளை விழிமேல் உட்காரும் பெரிய ஸ்க்லீரல் லென்ஸ் எல்லாம் பார்வையை நன்றாகவே திருத்தும். ஆனால் அடியில் கருவிழி மெலிவதை அவை தடுக்காது. முற்றிவிட்டால் தழும்பு விழும். சிலருக்கு உள்படலம் கிழிந்து நீர் புகுந்து திடீரென்று கண் வெளுத்துப்போகும். அப்புறம் யாரோ தானம் கொடுத்த கருவிழிக்குக் காத்திருக்க வேண்டும், வைத்த பிறகும் நீண்ட காலம் சொட்டு மருந்தும் கண்காணிப்பும்.

கிராஸ் லிங்கிங்கில் கஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். சில நாள் வலி, கூச்சம், சில வாரம் மங்கல். அதற்காகத்தான் தேர்வுக்குப் பத்து மாதம் இருக்கும்போதே முடிக்கச் சொல்கிறேன். எந்தக் கண் முதலில், நடுவில் எத்தனை வாரம் இடைவெளி என்பதையெல்லாம் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கண்ணைக் கசக்குவதுதான் இந்த நோய்க்குத் தூபம் போடுகிற முக்கியமான காரியம். கையைத் தட்டிவிட்டால் மட்டும் நிற்காது, அரிப்புக்கு ஒவ்வாமை காரணமா என்று பார்த்து மருந்து வாங்குங்கள். தங்கையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம்.

இந்த வாரமே போங்கள். போகும் வழியில் அவனிடம் எழுத்தெல்லாம் எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை தேர்வுப் பேச்சை எடுக்காதீர்கள்.