நேரப் பட்டியலை ஓரமாக வையுங்கள்

ஃபார்முலா 1 தடச் சோதனை, டேட்டா அலசல் பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

கேள்வி: சீசனுக்கு முந்தைய சோதனையில் முதலிடம் பிடித்த கார், முதல் பந்தயத்திலேயே பின்தங்கிவிடுகிறது. அந்த நேரங்களை நம்பலாமா?

பதில்: ஒற்றைச் சுற்று நேரத்தை நம்பாதீர்கள். டாங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்று எந்த அணியும் வாய் திறக்காது. தோராயக் கணக்கு இதுதான்: 10 கிலோ எரிபொருள் ஏறினால் சுற்றுக்கு 0.3 நொடி போகும். 30 கிலோவோடு ஓடிய கார் 1 நிமிடம் 31.0 நொடி, 70 கிலோவோடு ஓடிய கார் 1 நிமிடம் 32.2 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் 1.2 நொடி இடைவெளி தெரியும். 40 கிலோவின் பாரத்தைக் கழித்தால் இரண்டும் சமம். டயர் ரகம், இன்ஜின் மோட், மதிய வெயிலா மாலைக் குளிர்ச்சியா என்பதெல்லாம் இதற்கு மேல்.

நீண்ட ஓட்டத்தைப் பாருங்கள், அங்கே ஒளிப்பது கஷ்டம். 2019 முதல் 2025 வரை பந்தயத்துக்கான எரிபொருள் வரம்பு 110 கிலோ. பஹ்ரைன் பந்தயம் 57 சுற்று. ஆக சுற்றுக்கு அதிகபட்சம் 1.9 கிலோ. பிட்டுக்கு, அதாவது அணியின் நிறுத்தத்துக்கு, வராமல் 20 சுற்று ஓடிய கார், ஏறக்குறைய 35 கிலோவுக்குக் குறையாமல்தான் கிளம்பியிருக்கும். பெட்ரோல் தீரத் தீர கார் சுற்றுக்கு 0.06 நொடி வேகமாக வேண்டும். நேரம் மாறாமல் இருந்தால், டயர் சுற்றுக்கு 0.06 நொடி இழக்கிறது என்று பொருள். நேரமே சுற்றுக்கு 0.05 நொடி கூடினால், டயரின் உண்மையான இழப்பு 0.11. பேப்பரும் பேனாவும் போதும்.

கேள்வி: சோதனையில் சில கார்களுக்குப் பின்னால் கம்பி வேலி மாதிரி ஒன்றும், உடம்பெங்கும் பச்சைப் பெயின்டும் இருக்கிறதே, எதற்கு?

பதில்: வேலி மாதிரி இருப்பது ஏரோ ரேக். அந்தச் சட்டத்தில் காற்றழுத்தத்தை அளக்கும் சிறு குழாய்கள் டஜன் கணக்கில் இருக்கும். பெரும்பாலும் முன் சக்கரத்துக்குப் பின்னால் பொருத்துவார்கள். சக்கரம் கலைத்துவிட்ட காற்று எங்கே போகிறது என்பதுதான் காற்றுச் சுரங்கத்திலும் (மாடல் மீது காற்றை ஊதிச் சோதிக்கும் கூடம்) கம்ப்யூட்டரிலும் கணிக்கக் கஷ்டமான விஷயம். ஓட்டுநர் நேர்ப்பாதையில் ஒரே வேகத்தைப் பிடித்துக்கொண்டு போவார். வேகம் ஏறி இறங்கினாலோ பக்கக் காற்று அடித்தாலோ அந்த ஓட்டம் வீண். ரேக் மாட்டிய காரின் சுற்று நேரத்தை எழுதி வைக்கவே வேண்டாம், அந்தச் சட்டமே காற்றைத் தடுக்கிறது.

பெயின்ட் என்பது லேசான எண்ணெயில் கலந்த ஒளிரும் பொடி. கார் கிளம்புவதற்குச் சற்று முன்புதான் பூச வேண்டும். நின்ற இடத்திலேயே ஊறினால் புவியீர்ப்பில் கீழே வழிந்து, காற்று போட்ட கோடு எது, வழிந்த கோடு எது என்று தெரியாமல் போகும். அதிகத் தடிமனாகப் பூசினாலும் இதே கதி. கார் திரும்பியதும் எண்ணெய் நகரும் முன் படமெடுத்துவிட வேண்டும். கோடுகள் நேராக ஓடினால் காற்று பரப்பை ஒட்டிப் போகிறது. ஓரிடத்தில் கோடு நின்று குட்டை போலத் தேங்கினால், அங்கே காற்று பரப்பை விட்டுப் பிரிந்துவிட்டது.

கேள்வி: இரண்டு ஓட்டுநர்களின் டேட்டாவை இன்ஜினியர் எப்படி ஒப்பிடுகிறார்?

பதில்: வரைபடத்தின் கிடைமட்ட அச்சில் நேரத்தை வைக்கக் கூடாது, தூரத்தை வைக்க வேண்டும். நேரத்தை வைத்தால் இரண்டு கார்களும் வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒப்பீடே தப்பு. முதலில் டெல்டா கோடு, அதாவது ஒருவர் மற்றவரைவிட எவ்வளவு பின்தங்குகிறார் என்ற கோடு. அது எங்கே ஏறுகிறதோ அங்கே வேகம், பிரேக், த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்), ஸ்டியரிங் என்ற வரிசையில் பாருங்கள்.

பஹ்ரைனின் 10-வது வளைவை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டிய இடம். உள்பக்க முன் சக்கரத்தில் பாரம் குறைந்து அது சட்டென்று பூட்டிக்கொள்ளும், அதாவது சுழலாமல் வழுக்கும். ஒருவர் 5 மீட்டர் தாமதமாகப் பிரேக் பிடிக்கிறார், அந்த இடத்தில் டெல்டாவில் அவருக்கு லாபம். ஆனால் வளைவின் நடுவில் ஸ்டியரிங்கை இன்னும் முறுக்குகிறார், த்ராட்டிலை 10 மீட்டர் தள்ளி மிதிக்கிறார். நஷ்டம் முழுக்க அடுத்த நேர்ப்பாதையில் போய்த் தெரியும். புதிதாக டேட்டா பார்ப்பவர் "நேர்ப்பாதையில் இன்ஜின் சரியில்லை" என்று எழுதிவிடுவார். வியாதி ஓரிடம், வலி வேறிடம்.

இன்னொரு பொறி: தூரத்தைச் சக்கர வேகத்திலிருந்து கணக்கிட்டால், சக்கரம் பூட்டும்போது தூரம் விட்டுப்போகும். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் 0.3 நொடி பூட்டினால் 12 மீட்டருக்கு மேல் காணாமல் போகும். அதன்பின் வரும் வளைவுகளெல்லாம் தள்ளிப்போன மாதிரி தெரியும். பிரேக் நேரத்தில் நான்கில் வேகமாகச் சுழலும் சக்கரத்தையும், முடுக்கும்போது இன்ஜின் இழுக்காத முன் சக்கரங்களையும் எடுங்கள். ஜிபிஎஸ்ஸோடு சரிபாருங்கள்.

கேள்வி: 2022-ல் கார்கள் நேர்ப்பாதையில் குதித்தது ஏன் முன்பே தெரியவில்லை?

பதில்: விதிப்படி காற்றுச் சுரங்கத்தில் வைக்கும் மாடல் அசல் காரில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, காற்றின் வேகமும் நொடிக்கு 50 மீட்டரைத் தாண்டக் கூடாது. அது மணிக்கு 180 கி.மீ.தான். குதிப்பு வந்ததோ அதைவிட மிக அதிக வேகத்தில். காருக்கும் தரைக்கும் நடுவே ஓடும் காற்று காரைக் கீழே இழுக்க, கார் தாழ, ஓட்டம் அடைபட்டு இழுப்பு விட, கார் எழும்ப, மறுபடியும் இழுக்கும். தாங்கியில் பிடித்து நிறுத்திய மாடல் இப்படித் துள்ளாது. இதைக் குறைக்க 2023-ல் காரின் தரைத்தட்டின் விளிம்பை 15 மி.மீ. உயர்த்தச் சொன்னார்கள்.

சென்சார் பக்கத்திலும் ஒரு பாடம். நொடிக்குப் பல தடவை குதிக்கும் காரை நொடிக்கு 10 அளவு எடுத்துப் பார்த்தால் வடிவமே தவறாக வரும். ஸ்டியரிங்குக்கு நொடிக்கு 100 போதும். சஸ்பென்ஷனுக்குப் பல நூறு வேண்டும்.

கேள்வி: காரின் அடிப்பலகைத் தேய்மானத்துக்காகத் தகுதி நீக்கமா? அளந்துதானே ஓட்டுகிறார்கள்!

பதில்: அளக்க நேரம் வேண்டுமே. காரின் அடிப்பலகை புதிதில் 10 மி.மீ., பந்தயம் முடிந்ததும் 9 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 2023-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் பந்தயத்தில் ஓட்டுநர்கள் ஹாமில்டனும் லெக்லெரும் இதில்தான் சிக்கினார்கள். அது ஸ்பிரின்ட் வாரம் (முதன்மைப் பந்தயத்துக்கு முன் ஒரு குறும்பந்தயமும் உண்டு), ஒரே ஒரு பயிற்சி அமர்வு. அன்றைய விதிப்படி அதன்பின் காரின் உயரத்தைத் தொட முடியாது. தடமோ மேடு பள்ளம். முழு டாங்கோடு கார் எவ்வளவு தாழும் என்பதை அந்த ஒரு மணி நேரத்திலேயே லேசர் உயரமானியிலும் பலகையிலும் பார்த்து முடித்திருக்க வேண்டும்.

கேள்வி: பிட்டிலிருந்தே காரின் செட்டிங்கை மாற்ற முடியுமா?

பதில்: முடியாது. 2003 முதல் தடை. காரிலிருந்து பிட்டுக்கு டேட்டா வரும், திரும்பப் போகாது. ரேடியோவில் சொன்னால் ஓட்டுநர்தான் ஸ்டியரிங்கில் திருக வேண்டும்.