பழைய படகில் போட்ட காசு விற்கும்போது திரும்புமா?

நாகப்பட்டினத்தில் படகு கட்டும் இடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். இப்போது பழைய படகு வாங்குகிறவர்கள் கூப்பிட்டால் போய்த் தட்டிப் பார்த்து, உள்ளதைச் சொல்லிவிட்டு வருகிறேன். மீன்பிடித் தடைக்காலம் நெருங்கினாலே "இதைச் செய்தால் விலை ஏறுமா" என்ற கேள்வி வர ஆரம்பித்துவிடும். வந்தவற்றில் சில இங்கே.

கேள்வி (நாகை): அண்ணே, என் ஃபைபர் படகு 2011-ல் வாங்கியது, 28 அடி. 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் தேய்ந்துவிட்டது. புது எஞ்சின் மாட்டி விற்றால் நல்ல விலை வருமா?

மாட்டாதீங்க தம்பி. அவுட்போர்டு எஞ்சினை அரை மணி நேரத்தில் கழற்றிவிடலாம். அதனால் வாங்க வருகிறவர் படகுக்குத் தனி விலை, எஞ்சினுக்குத் தனி விலை என்றுதான் மனசுக்குள் கணக்குப் போடுவார். பல பேரிடம் சொந்த எஞ்சினே இருக்கும். நீங்கள் கடையில் கொடுத்த முழு விலையை அவர் ஏன் கொடுக்கப் போகிறார்? ஒரு நாள் தண்ணீரில் இறங்கினாலே அது பழைய எஞ்சின்.

எஞ்சின் மாட்டுகிற பின்பலகையைப் பாருங்கள். உள்ளே பிளைவுட், மேலே ஃபைபர். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே பிளைவுட் ஊறிப்போயிருக்கும், வெளியே பளபளவென்று இருக்கும். எஞ்சினைத் தூக்கி நிறுத்தி அதன் காலில் சாய்ந்து அழுத்திப் பாருங்கள். பலகை அசைந்தால் வாங்க வருகிறவனும் அதைத்தான் முதலில் பார்ப்பான். அதைத் திறந்து புதுப் பிளைவுட் வைத்து மூடுங்கள், வேலை நடக்கும்போது போனில் படம் எடுத்து வையுங்கள். படம் இல்லாவிட்டால், எதையோ மறைக்கத்தான் புதுப் பூச்சு என்று நினைப்பார்கள்.

கேள்வி (காசிமேடு): மர விசைப்படகு, 2003-ல் கட்டியது. அடியில் கசிவு இருக்கிறது. முழுக்க ஃபைபர் அடித்துவிட்டால் இன்னும் பத்து வருஷம் ஓடும், விலையும் ஏறும் என்கிறார்கள். செய்யலாமா?

நீங்களே ஓட்டப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா? அதைப் பொறுத்துப் பதில் மாறும்.

ஃபைபர் அடிப்பதில் நன்மை உண்டு. கடல் துளைப்புழு மரத்தைத் தொடாது, பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிற கலப்பத்துச் செலவு குறையும். ஆனால் ஈர மரத்தில் ஃபைபருக்கான ரெசின் பசை ஒட்டாது. இருபது வருஷம் தண்ணீரில் கிடந்த மரம் பத்து நாளில் காயாது. தடைக்காலம் 61 நாளும் கரையில் ஏற்றிப் போட்டு, பழைய பெயின்டைச் சுரண்டி, காற்றுப்பட விட்டாலே அரைகுறையாகத்தான் காயும். அவசரமாக அடித்தால் ஒரே வருஷத்தில் ஃபைபர் மேட் பலகையை விட்டுப் பிரியும், இடையில் தண்ணீர் தேங்கும். அப்புறம் உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது.

இன்னொரு விஷயம். மரத்தை உளுக்க வைப்பது கடல் நீரைவிட மழை நீர்தான். உப்பு ஊறிய இடத்தில் பூஞ்சை அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது. தளத்தின் இடுக்கில் இறங்குகிற மழை நீர் வங்குகளின் (படகின் விலா எலும்பு மாதிரியான கட்டைகள்) தலைப்பில் தேங்கி அங்கிருந்துதான் உளுத்துப்போகும். நீங்கள் அடியைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள், நான் வந்தால் முதலில் வீல் ஹவுஸுக்குக் (படகு ஓட்டுகிற அறை) கீழே ஒரு குத்தூசியோடு போவேன். ஒரு முறை புத்தம் புதிதாக ஃபைபர் அடித்த படகு ஒன்றைப் பார்க்கப் போனேன். வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. உள்ளே போய் வங்கில் ஊசியை வைத்தேன், கைப்பிடி வரைக்கும் இறங்கியது. வாங்க வந்தவர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பிவிட்டார். விற்கிறவர் ஃபைபருக்குப் போட்ட காசு அவ்வளவும் போச்சு.

விற்பதாக இருந்தால், கெட்ட பலகையை மட்டும் மாற்றி, ஆணி பார்த்து, நன்றாகக் கலப்பத்து அடித்து, அப்படியே திறந்து காட்டுங்கள். மரம் தெரிகிற படகை நம்பி விலை பேசுவார்கள். இன்னும் ஐந்தாறு வருஷம் நீங்களே ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஃபைபர் அடியுங்கள். அந்தக் காசை மீன்தான் திருப்பித் தரும்.

கேள்வி (ராமேஸ்வரம்): சக்தி அதிகமான சீன எஞ்சின் மாற்றினால் படகுக்கு மவுசு கூடுமா?

வேண்டாம். விசைப்படகுக்கு 240 குதிரைத்திறன்தான் உச்சவரம்பு. தடைக்காலத்தில் மீன்துறையினர் ஆய்வுக்கு வரும்போது பதிவில் உள்ள எஞ்சினும் படகில் உள்ள எஞ்சினும் ஒன்றா என்று பார்ப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் மானிய டீசலில் கை வைப்பார்கள். அந்தத் தலைவலியைக் காசு கொடுத்து யார் வாங்குவார்?

உங்கள் ஊர் டிராலரில் (இழுவலைப் படகு) பெரிய செலவு செய்யும் முன் இதையும் யோசியுங்கள். பாக் நீரிணையில் டிராலர்களைக் குறைப்பதற்காகவே 2017-ல் ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தது. 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு மத்திய அரசு 50, மாநில அரசு 20 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், கையிலிருந்து 10. அது எத்தனை பேருக்குச் சரிப்பட்டது என்பது வேறு கதை. ஆனால் அரசு குறைக்க நினைக்கிற ரகப் படகு இது என்பது வாங்குகிறவருக்கும் தெரியும்.

கேள்வி (கடலூர்): அண்ணா, வீட்டுக்காரர் உடம்பு முடியாமல் தொழிலை விட்டுவிட்டார். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. பெயின்ட் அடித்து விற்கச் சொல்கிறார் தரகர்.

பெயின்ட் கிடக்கட்டும் அம்மா. முதலில் பழைய ஓனரைப் பிடித்து, பதிவை வீட்டுக்காரர் பெயருக்கு மாற்றுங்கள். வங்கிக் கடன் இருந்தால் முடித்ததற்கான கடிதம், மீன்பிடி உரிமம், கடைசி ஆய்வுச் சான்று எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். நான் பார்த்தவரைக்கும் குறைந்த செலவில் விலையை அதிகம் தூக்குகிற வேலை இதுதான். காகிதம் சரியில்லாத படகை எத்தனை லட்சம் போட்டு அழகு பண்ணினாலும் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள், அதுவும் கேட்கிறவர் யார் என்று பார்த்துப் பேச வேண்டியிருக்கும். தரகர் பெயின்ட் அடிக்கச் சொல்வது அவருக்குச் சீக்கிரம் கமிஷன் வரட்டும் என்றுதான். கழுவிவிட்டால் போதும்.

கேள்வி (தூத்துக்குடி): ஜி.பி.எஸ்., ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் புதுசு. விலையில் சேர்க்கலாமா?

சேர்த்துக் கேளுங்கள், கிடைக்காது. கொசுறு மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள். கழற்றி அடுத்த படகுக்குக் கொண்டு போவது லாபம். படகு இருக்குமிடத்தைத் தெரிவிக்கிற டிரான்ஸ்பாண்டரை மட்டும் கழற்ற வேண்டாம், அது அரசு இலவசமாகக் கொடுத்தது.

கேள்வி (நாகை): மீன் வைக்கிற அறைக்கு பஃப் (குளிர் வெளியேறாமல் தடுக்கும் நுரை) போட்டு ஃபைபர் அடிக்கலாமா?

இது ஒன்றுக்குத்தான் தயங்காமல் சரி என்பேன். நாலைந்து நாள் தங்கித் தொழில் பண்ணுகிற படகில் ஐஸ் நிற்பதுதான் மீனின் விலை. வாங்குகிறவருக்கும் அது தெரியும், அதனால் போட்டதில் ஒரு பங்காவது திரும்பும். ஆனால் மூட்டுகளில் ஃபைபர் விரிசல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பஃப் தண்ணீர் குடித்தால் படகும் கனக்கும், ஐஸும் நிற்காது.

கேள்வி (வேளாங்கண்ணி): சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனம் கொடுத்த ஃபைபர் படகு. சரிசெய்து விற்கலாமா?

அப்போது தேவை அதிகம் என்று ஊருக்கு ஊர் திடீர் யார்டுகள் முளைத்தன. நல்ல படகும் வந்தது, தகடு மாதிரி மெல்லிய படகும் வந்தது. இருபது வருஷம் ஆகிவிட்டது. எஞ்சினையும் வலையையும் தனியாக விற்றுவிடுங்கள், படகில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

கேள்வி (குளச்சல்): எந்த மாசத்தில் விற்கலாம்?

கரையில் ஏற்றியிருக்கும்போது. அடி தெரிகிற படகுக்குத்தான் ஆள் துணிந்து விலை சொல்வான். கிழக்குக் கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையான உங்கள் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்கில் தடை முடிந்த அன்றே கடலுக்குப் போக நினைக்கிறவர்கள் மே மாதத்திலேயே படகு தேடுவார்கள். அவர்களுக்கு விற்கப் பார்த்தால் உங்கள் கடைசி இரண்டு வாரத் தொழிலை விட்டுவிட்டு முன்கூட்டியே கரையேற்ற வேண்டியிருக்கும். அந்த இரண்டு வாரத்தில் வரும் மீனையும் கணக்கில் வைத்துப் பாருங்கள்.