வெட்டி ஒட்டிய ரிசீவர்: பழைய ராணுவ ரைஃபிளை வாங்கும் முன்

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். இலக்குச் சுடும் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருக்கிறேன். துப்பாக்கிக் கண்காட்சியில் ஒருவர் எம்1 கேரண்ட் ரைஃபிள் ஒன்றையும் 1903 ஸ்ப்ரிங்ஃபீல்டு ஒன்றையும் சந்தை விலையைவிட மிகக் குறைவாகத் தருவதாகச் சொல்கிறார். இரண்டும் புதிதாகச் சீரமைக்கப்பட்டவை, ஹெட்ஸ்பேஸ் (தோட்டா அமர விடும் இடைவெளி) அளவு சரியாக இருக்கிறது, இருநூறு தோட்டா சுட்டுப் பார்த்தாகிவிட்டது என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: மரக்கட்டையிலிருந்து கழற்றிய ரிசீவரை, அதாவது குழலும் மற்ற உறுப்புகளும் பொருந்தும் உலோக உடலை, உங்கள் கண்ணால் பார்க்கும்வரை இரண்டையும் வாங்க வேண்டாம். விற்பவர் சொல்லும் மூன்று உறுதிகளும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மூன்றையும் சேர்த்தாலும் அந்த ரைஃபிள் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

முதலில் கேரண்ட். 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த ரைஃபிள், போர்க்காலத்திலும் 1950களிலுமாக ஐம்பது லட்சத்துக்கு மேல் தயாரானது. பின்னர் மிஞ்சியவற்றில் ஒரு பகுதியின் ரிசீவர்களை ராணுவம் டார்ச்சால் இரண்டாக வெட்டிப் பழைய இரும்பாக விற்றது. அந்தத் துண்டுகளை வாங்கிய சிலர், ஒரு ரைஃபிளின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் வெல்டிங் செய்து ஒட்டி, மேலே புதிய பூச்சுக் கொடுத்து, முழு ரைஃபிளாகப் பொதுமக்களுக்கு விற்றார்கள். ஜிக் (பாகங்களை நேராகப் பிடிக்கும் சட்டம்) வைத்துக் கவனமாகச் செய்தவர்களும் உண்டு. கையளவிலும் கண்ணளவிலும் ஒட்டியவர்களும் உண்டு. பல பத்தாண்டுகள் கழித்து இன்று கைமாறும்போது, எது யார் செய்தது என்று சொல்ல ஆளில்லை.

வெட்டி ஒட்டுவதால் கெடுவது இரண்டு. ஒன்று, உலோகத்தின் குணம். கேரண்ட் ரிசீவர் கார்பன் குறைந்த எஃகில் செய்யப்பட்டு, மேற்பரப்புக்கு மட்டும் கார்பன் ஏற்றிக் கடினமாக்கப்பட்டது; வெளித்தோல் கடினம், உள்ளே அதிர்ச்சி தாங்கும் இளக்கம். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் இந்த அமைப்பு கலைந்துவிடும். சூடு பரவிய தூரத்தைப் பொறுத்து ஓர் இடம் மிருதுவாகும், பக்கத்து இடம் நொறுங்கும் தன்மை பெறும். முழு ரிசீவரையும் மறுபடி வெப்பப் பதனம் செய்தாலொழிய அது சீராகாது. அப்படிச் செய்தால் வளைந்துபோகும் ஆபத்து இருப்பதால் பலர் செய்யாமலே விட்டார்கள்.

இரண்டாவது, அளவு. நான் அதிகம் அஞ்சுவது இதைத்தான். கேரண்டில் தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பிடித்து வைக்க ஸ்ப்ரிங் எதுவும் கிடையாது. அது, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டுக்குள் தளர்வாக முன்னும் பின்னும் நகரும். போல்ட் வேகமாக மூடும்போது அந்தப் பின் முன்னால் பாய்ந்து தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரைத் தட்டிவிடாமல் இருக்க, ரிசீவரின் குறுக்கே ஒரு பாலம் போன்ற பகுதி இருக்கிறது. போல்ட் திரும்பி அதன் இரண்டு லக்குகளும் (பூட்டும் புடைப்புகள்) பூட்டுக் குழிகளுக்குள் நுழையும்வரை, பின்னின் வால் இந்தப் பாலத்தில் தடுக்கப்பட்டு நிற்கும். பூட்டுக் குழிகள் ரிசீவரின் முன்பக்கம் இருக்கின்றன, பாலம் அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. வெட்டு இவ்விரண்டுக்கும் இடையே விழுந்திருந்தால், அவற்றுக்கிடையிலான தூரத்தை இப்போது முடிவு செய்வது வெல்டரின் கை. நீளம் சற்றே பிசகினாலும், போல்ட் பூட்டிக்கொள்ளும் முன்பே பின் விடுபட்டுத் தோட்டா வெடிக்க வழி உண்டு. பூட்டப்படாத போல்ட்டுக்கு எதிரே, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை அழுத்தம் எட்டக்கூடிய தோட்டா வெடித்தால், பித்தளைக் கூடு கிழிந்து, வாயுவும் உலோகத் துணுக்குகளும் சுடுபவரின் முகத்துக்கும் கைக்கும் வரும்.

ஹெட்ஸ்பேஸ் கேஜ் இதில் எதையும் காட்டாது. கேரண்டின் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட ஹெட்ஸ்பேஸ் 1.940 முதல் 1.950 அங்குலம் வரை. போல்ட் முழுதாகப் பூட்டிய நிலையில், அசையாமல், இன்றைய தேதிக்கு அந்த இடைவெளி எவ்வளவு என்பதை மட்டுமே கேஜ் சொல்கிறது. பூட்டுக் குழியின் உலோகம் மிருதுவாகியிருந்தால், ஒவ்வொரு சுடுதலிலும் லக் அதைச் சிறிது சிறிதாக அழுத்திப் பின்தள்ளும். இன்று தேறிய ரைஃபிள் சில நூறு தோட்டாக்களில் தேறாமல் போகும். ஆகவே இருநூறு சுட்டதாகச் சொல்வதைக் கேட்டு நான் ஆறுதல் அடைவதில்லை. இருநூறுக்குப் பிறகு மீண்டும் அளந்தீர்களா, முதலில் என்ன அளவு, இப்போது என்ன அளவு என்று கேளுங்கள். சுட்ட கூடுகளையும் கேளுங்கள்: அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் பளபளப்பான வளையம் தெரிந்தாலோ, நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுக்கும்போது அந்த இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டாலோ, கூடு நீண்டு அறுபடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஒட்டிய ரிசீவரைக் கண்டுபிடிப்பது எப்படி? தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, போல்ட்டை இயக்கும் தண்டான ஆபரேட்டிங் ராடைப் பின்னால் இழுத்து, ரிசீவரின் வலது முன்பக்கத்தில் பொறித்திருக்கும் வரைபட எண்ணைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயரும் தொடர் எண்ணும் ரிசீவரின் பின்கோடியில் இருக்கும். இரண்டும் ஒரே தொழிற்சாலையையும் ஒரே காலத்தையும் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். முன்பக்கம் போர்க்கால எண்ணான D28291இல் தொடங்க, பின்பக்கம் 1950களில் மட்டும் தயாரித்த நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால், அது இரண்டு ரைஃபிள்களின் உடல். எண்கள் பொருந்தினாலும், கட்டையைக் கழற்றி, பக்கச் சட்டங்களின் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெளியே மழமழவென்று தேய்த்தவர்கள் உள்ளே தேய்ப்பதில்லை. சிறு துளைகள், கிரைண்டர் கீறல்கள், பூச்சு நிறம் ஒரு பட்டையாக மாறுவது எல்லாம் அங்கேதான் தென்படும். அனுபவமுள்ள துப்பாக்கி வினைஞர் ஆபரேட்டிங் ராடைத் தள்ளும் ஸ்ப்ரிங்கைக் கழற்றி, பின்னின் வாலை விரலால் முன்னே அழுத்தியபடி போல்ட்டை மெதுவாக மூடி, லக்குகள் குழிக்குள் நுழையும் முன் பின்னின் முனை வெளியே வருகிறதா என்று சோதிப்பார். வந்தால் பேச்சுக்கே இடமில்லை.

1903 ஸ்ப்ரிங்ஃபீல்டின் சிக்கல் வேறு. தொடக்க காலத்தில் எஃகு எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பதைத் தொழிலாளர்கள் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். வெயில் நாளில் மங்கலாகத் தெரிந்த எஃகு உண்மையில் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தது. அப்படிக் கருகிய ரிசீவர்கள் கண்ணாடிபோல் உடையக்கூடியவை. 1918இல் முறை மாற்றப்பட்டது. ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் 800,000க்கும், ராக் ஐலண்டில் 285,507க்கும் கீழான தொடர் எண்கள் பழைய முறையைச் சேர்ந்தவை. அவற்றைச் சுட வேண்டாம் என்று ராணுவத்தின் பழைய ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் ப்ரோக்ராம் என்ற அமைப்பே எச்சரிக்கிறது. இவற்றில் பலவற்றுக்கு இரண்டாம் உலகப் போரின்போது ராணுவமே புதிய குழல் பொருத்தியது. எனவே குழலில் 1942 என்று இருப்பதைப் பார்த்து மகிழாதீர்கள். ரிசீவரின் எண்ணைப் பாருங்கள்.

உங்களுக்குக் காட்டப்படுவது 1903ஏ3 ரகமாக இருந்தால், அணிவகுப்புப் பயிற்சிக்காகச் சுட முடியாதபடி ஆக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். அவற்றில் குழலையும் ரிசீவரையும் சேர்த்து வெல்டிங் செய்து, போல்ட் முகத்தின் துளையையும் அடைத்திருப்பார்கள். பிறகு யாரோ வெல்டிங்கைத் தேய்த்தெடுத்து, புதிய குழலும் போல்ட்டும் போட்டு விற்பது நடக்கிறது. பூட்டும் பகுதிக்கு அருகிலேயே சூடு பட்டிருப்பதால் அந்த ரிசீவரை நான் சுடச் சொல்லமாட்டேன். தடம் பெரும்பாலும் ரிசீவர் வளையத்தின் அடிப்பக்கம், கட்டைக்குள் மறைந்திருக்கும்.

கட்டையைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் பேரம் பேசாதீர்கள். நீங்கள் அமெரிக்கக் குடிமகனாகவும், சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் ப்ரோக்ராமோடு இணைப்புப் பெற்ற சங்கத்தின் உறுப்பினராகவும் இருந்தால், அந்த அமைப்பிடமிருந்தே சோதிக்கப்பட்ட கேரண்டை வாங்க விண்ணப்பிக்கலாம். விலை கூடுதலாக இருக்கலாம், காத்திருக்கவும் நேரலாம். அந்த வித்தியாசத்தைக் கொடுப்பது தகும்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு ஒட்டிய ரிசீவர் என்று தெரிந்தால், ரைஃபிள் முழுவதும் வீண் என்று நினைக்க வேண்டாம். குழல், கட்டை, ட்ரிக்கர் தொகுதி ஆகியவை நல்ல நிலையில் இருந்தால், வினைஞர் அவற்றைப் பழுதற்ற ரிசீவர் ஒன்றில் பொருத்தித் தருவார். போல்ட்டை மட்டும் புதிய ரிசீவரோடு சேர்த்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். கழற்றிய ரிசீவர் சட்டப்படி இன்னும் துப்பாக்கியாகவே கருதப்படும் என்பதால், அதைக் குப்பையில் போடாமல், உரிமம் பெற்ற வினைஞரிடமே கொடுத்து முறைப்படி அழிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது இன்னொரு கண்காட்சி மேசைக்கு வந்து சேரும்.