பாதி சொல்லப்பட்ட தந்தி

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். ஐரோப்பியப் போர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். 2025 ஜூலையில் பிரிட்டனும் பிரான்ஸும் வெளியிட்ட நார்த்வுட் பிரகடனத்தைப் பற்றி நீங்கள் ஏன் இன்னும் எழுதவில்லை? நூறாண்டுப் போரிலிருந்து வாட்டர்லூ வரை ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட இரண்டு நாடுகள் இன்று அணு ஆயுதத்தில்கூட ஒருங்கிணைந்து செயல்படலாம் என்கின்றன. அமெரிக்கா கைவிட்டுவிடுமோ என்ற பயத்தைத் தவிர இதில் வேறு ஏதாவது இருக்கிறதா? ஆஸ்திரேலிய நீர்மூழ்கி விவகாரத்தில் 2021-இல் இவர்கள் முகம் திருப்பிக்கொண்டதை மறந்துவிட முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, 1940-இல் ஆறே வாரங்களில் சரணடைந்த ஒரு ராணுவத்தை நம்பி பிரிட்டன் என்ன செய்துவிட முடியும்? வெள்ளைக் கொடி பிடித்த பிரெஞ்சு வீரனின் கேலிப்படம் ஒன்றையும் இணைத்திருக்கிறேன். இந்தக் கூட்டை நம்பலாமா, கூடாதா?

பணிவன்புடன்,
ஒரு வாசகன், கும்பகோணம்

அன்புள்ள தம்பிக்கு,

போன மாதம் புதுச்சேரியில் எங்கள் பழைய வீட்டைச் செப்பனிட்டபோது, விரிசல் விட்டிருந்த திண்ணையை இடிக்க வேண்டியதாயிற்று. அந்தத் திண்ணையில் சிறுவயதில் நான் பார்த்த ஒரு காட்சி அன்றிலிருந்து மனத்தை விட்டு அகலவில்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால், உண்மையைச் சொல்கிறேன், இதற்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். அந்தக் கேலிப்படம் அவ்வளவு கோபத்தை வரவழைத்தது.

முதலில் அதை முடித்துவிடுவோம். 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை ஜெர்மன் படை சுற்றிவளைத்த பிரெஞ்சுத் துறைமுகமான டன்கெர்க்கிலிருந்து 3,38,226 பேர் கடல்வழியாக மீட்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பிரெஞ்சு வீரர்கள் என்பதை அந்தப் படத்தை வரைந்தவர் அறிந்திருக்க மாட்டார். கடைசி நாட்களில் துறைமுகத்தைச் சுற்றியிருந்த காப்பு வளையத்தைப் பிடித்து நின்றவர்களும் பிரெஞ்சு வீரர்களே. மற்றவர்கள் கப்பலேறிக்கொண்டிருந்தபோது அவர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 30,000-க்கும் மேற்பட்டோர் கரையிலேயே சிறைப்பட்டார்கள். லீல் நகரில் முற்றுகையிடப்பட்ட பிரெஞ்சுப் படை மே 31 வரை பல ஜெர்மன் டிவிஷன்களைத் தன்னிடமே கட்டிப்போட்டிருந்தது. பிறருடைய சாவின் மேல் நின்று சிரிப்பதற்கு உங்களுக்கும் எனக்கும் என்ன தகுதி இருக்கிறது? படித்த பிள்ளை நீங்கள். இனி அப்படி ஒரு படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நூறாண்டுப் போரையும் வாட்டர்லூவையும் விட்டுவிடுவோம். 1854-லேயே கிரிமியாவில் இரு படைகளும் ஒரே பக்கம் நின்று போரிட்டுவிட்டன. நீர்மூழ்கி விவகாரம் ஆஸ்திரேலியாவுடனான ஓர் ஒப்பந்தம் பிரான்ஸின் கைநழுவிய கோபம். அதற்குமேல் அதில் எனக்கு அக்கறையில்லை. அமெரிக்காவைப் பற்றிய பயம் இருப்பது உண்மைதான். ஆனால் பயம் இரண்டு பேரை ஒரே அறைக்குள் கொண்டுவந்து உட்காரவைக்கும், அவ்வளவுதான். உட்கார்ந்த பிறகு ஒருவர் மற்றவரிடம் எதைச் சொல்கிறார், எதை மறைக்கிறார் என்பதைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிப் பென்சன் வாங்குகிறவர்களைச் சொல்தா என்றே அழைப்போம். 1950-களில் அவர், அப்போது பிரான்ஸின் ஆளுகையில் இருந்த அல்ஜீரியாவில், ஓரான் நகரில் இருந்தவர். அதற்குப் பக்கத்தில்தான் மெர்ஸ்-எல்-கெபீர் கடற்படைத் துறைமுகம். அங்குள்ள மாலுமிகளின் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை அணிவகுப்புக்காகப் போனதாகவும், சிலுவைகள் எல்லாவற்றிலும் ஒரே வருடம் எழுதியிருந்ததைப் பார்த்துத் தன் கால்கள் நின்றுவிட்டதாகவும் அவர் சொல்வார். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, ஒரு மாலையில், எங்கள் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கிழித்தார். அதுதான் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர். அதை ஒட்டி ஐந்து தீப்பெட்டிகளை வரிசையாக வைத்தார். எல்லாவற்றின் பின்புறமும் சுவரை நோக்கி, முன்புறம் கரையை நோக்கி இருந்தன. பிறகு என் பென்சில் டப்பாவை எடுத்துக் கோட்டுக்கு அப்பால், கடல் பக்கமாக வைத்தார். "பீரங்கியெல்லாம் இந்தப் பக்கம் பாக்குது தம்பி, அடி அந்தப் பக்கத்துலேருந்து வருது" என்றார். அவர் விரல் தொட்டுக்கொண்டிருந்த தீப்பெட்டியின் பெயர் டன்கெர்க். ஆம், அந்தக் கடற்கரையின் பெயரையே தாங்கிய போர்க்கப்பல். அதன் எட்டுப் பெரிய பீரங்கிகளும் முன்பகுதியிலேயே அமைந்திருந்தன.

1940 ஜூலை 3 அன்று அங்கே நடந்ததை உங்களைப் போன்றவர்கள் ஒரே வரியில் கடந்துவிடுகிறீர்கள். பிரான்ஸ் ஜெர்மனியுடன் போர்நிறுத்தம் செய்து பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. பிரெஞ்சுக் கடற்படை ஹிட்லரின் கைக்குப் போய்விட்டால் தீவு தப்பாது என்று லண்டன் அஞ்சியது. அட்மிரல் சாமர்வில்லின் தலைமையில் ஒரு படையணி மெர்ஸ்-எல்-கெபீருக்கு வெளியே வந்து நின்றது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இதே சாமர்வில் டோவரில் இருந்துகொண்டு, டன்கெர்க் மீட்புப் பணிக்கு உதவியிருந்தார். அவர் ஏறியிருந்த தலைமைக் கப்பல் ஹூட். அதற்கும் முன்னால், 1939 நவம்பரில், ராவல்பிண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்த ஜெர்மன் போர்க்கப்பல்களைத் தேடி ஹூட்டும் டன்கெர்க்கும் ஒன்றாகவே வடகடலுக்கு அப்பால் சென்றன. அந்தக் கூட்டணிக்குத் தலைமை தாங்கியவர் பிரெஞ்சு அட்மிரல் ஜான்சூல். அதாவது, தன் ஆணையின்கீழ் ஓடிய கப்பலே ஏழு மாதங்களில் தன்னைக் குறிவைத்து நிற்பதை அவர் டன்கெர்க்கின் மேல்தளத்திலிருந்து பார்த்தார்.

பிரிட்டன் எழுத்தில் அனுப்பிய நிபந்தனையில் வழிகள் பல இருந்தன. எங்களோடு சேர்ந்து போரைத் தொடருங்கள். அல்லது குறைந்த மாலுமிகளுடன் பிரிட்டிஷ் துறைமுகத்துக்கு வாருங்கள். அல்லது மார்த்தினீக் போன்ற மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள பிரெஞ்சுத் துறைமுகம் ஒன்றுக்குச் சென்று ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்யுங்கள், வேண்டுமானால் அமெரிக்காவின் பொறுப்பில் விடுங்கள். இவற்றில் எதுவும் இயலாதென்றால் ஆறு மணி நேரத்துக்குள் கப்பல்களை நீங்களே மூழ்கடியுங்கள். மறுத்தால் நாங்கள் பலத்தைப் பயன்படுத்துவோம். இதை எடுத்துக்கொண்டு வந்தவர் கேப்டன் ஹாலண்ட். பிரெஞ்சு நன்றாகப் பேசுவார். பாரிஸில் கடற்படைத் தூதரக அதிகாரியாக இருந்தவர். பிரெஞ்சு அதிகாரிகள் பலருக்கு நண்பர். இதைவிடப் பொருத்தமான ஆளை அனுப்பியிருக்க முடியாது. ஆனால் ஜான்சூல் அவரைச் சந்திக்க மறுத்துத் தன் உதவியாளரை அனுப்பினார். அட்மிரலிடம் ஒரு கேப்டனை அனுப்புவதா என்ற மனக்குறை அதில் இருந்தது. காலைப்பொழுது முழுவதும் தாள்கள் படகுகளில் போய்வந்துகொண்டிருந்தன.

இப்போது நான் சொல்லப்போவதை நிதானமாக வாசியுங்கள். இதற்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். ஜான்சூல் தம் கடற்படைத் தலைமையகத்துக்கு அனுப்பிய தந்தியில், கப்பல்களை ஆறு மணி நேரத்துக்குள் மூழ்கடிக்க வேண்டும், இல்லையேல் பலம் பயன்படுத்தப்படும் என்று பிரிட்டிஷ் இறுதி எச்சரிக்கை வந்திருக்கிறது என்றும், பலத்தைப் பலத்தால் சந்திப்போம் எனப் பதிலளித்துவிட்டேன் என்றும் மட்டுமே இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லும் வழி அதில் இல்லை. அமெரிக்காவின் பெயர் இல்லை. முடிவெடுக்க வேண்டியவர்கள் அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் முடிவெடுத்தார்கள். அருகிலிருந்த கப்பல்களை உதவிக்கு அனுப்ப ஆணையிட்டார்கள். அந்த ஆணையை லண்டன் இடைமறித்துக் கேட்டது. விரைந்து முடித்துவிடுங்கள், இல்லையென்றால் கூடுதல் படையையும் சமாளிக்க வேண்டியிருக்கும் என்று சாமர்வில்லுக்குச் செய்தி போயிற்று.

மாலை நாலேகால் மணியளவில்தான் ஹாலண்டை ஜான்சூல் தம் அறைக்குள் அனுமதித்தார். அப்போது அவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஜூன் 24-ஆம் தேதியிட்ட, கடற்படைத் தலைவர் டார்லானின் ரகசிய ஆணை. எந்த நிலையிலும் கப்பல்கள் எதிரியிடம் முழுதாகச் சிக்கக் கூடாது. ஆபத்து வந்தால் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லுங்கள் அல்லது மூழ்கடியுங்கள் என்பது அதன் சாரம். இந்தத் தாளையும், காலையில் ஹாலண்ட் கொண்டுவந்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தம்பி. இரண்டிலும் அட்லாண்டிக்கைக் கடந்துபோகும் வழி இருக்கிறது. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பகல் முழுவதும் எதிரெதிரே நின்றிருக்கிறார்கள். அதைக் காட்டும்போது நேரம் முடிந்துவிட்டது. ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு பீரங்கிகள் முழங்கின. பத்து நிமிடம்போல நீடித்த அந்தத் தாக்குதலில் பிரெத்தாஞ் என்ற போர்க்கப்பல் வெடித்துக் கவிழ்ந்தது. ஜூலை 6-இல் நடந்த விமானத் தாக்குதலையும் சேர்த்து, இறந்த பிரெஞ்சு மாலுமிகள் 1,297 பேர்.

முழுத் தந்தியும் போயிருந்தால் சாவு குறைந்திருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். குறைந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். 1942 நவம்பர் 27 அன்று ஜெர்மானியர் தூலோன் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, பிரெஞ்சு மாலுமிகள் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள். அதாவது, டார்லானின் ஆணையில் இருந்ததை அவர்கள் உண்மையிலேயே செய்யத் துணிந்தவர்கள். அந்த ஆணை லண்டனின் மேசைக்கு ஒரு வாரம் முன்பே போயிருக்க வேண்டியது. சாமர்வில்லே அந்தத் தாக்குதலை வெறுத்தார். தவறு ஜான்சூலுடையது மட்டும் என்று நான் சொல்லவில்லை. பாதி சொன்னவருக்கும், மீதியைக் கேட்டுப் பெறாதவருக்கும் அதில் பங்குண்டு.

இந்தத் தாள்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இன்றைய ஒப்பந்தங்களை நான் வாசிக்கிறேன். 2010 நவம்பர் 2 அன்று, அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் கேமரனும் பிரெஞ்சு அதிபர் சார்க்கோசியும் லண்டனின் லங்காஸ்டர் ஹவுஸில் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி, பிரான்ஸின் வால்துக்கில் ஒரு பரிசோதனைக் கூடத்தை இரு நாடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. அணுவெடிப்பு இல்லாமலே, வெடிப்பின் அழுத்தத்தில் பொருட்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அங்கே கதிர்ப்படமாக எடுக்கிறார்கள். ஒரே கூடத்தில் அவரவர் சோதனையை அவரவர் தனியாகச் செய்துகொள்கிறார்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்துக்கு ஏறக்குறைய இரண்டாண்டு முன்னால், 2009 பிப்ரவரியில், அட்லாண்டிக்கின் ஆழத்தில் பிரிட்டனின் வான்கார்டும் பிரான்ஸின் லெ த்ரியோம்ஃபானும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. இரண்டும் அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிகள். தான் எங்கே உலவுகிறேன் என்று எதுவும் மற்றதற்குச் சொல்லியிருக்கவில்லை. எதன்மீது மோதினோம் என்றே அறியாமல், மூழ்கிக்கிடந்த கொள்கலன் பெட்டியாக இருக்கலாம் என்று பிரான்ஸ் முதலில் அறிவித்தது. இதை வாசித்தபோது சொல்தா தாத்தாவின் தீப்பெட்டிகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

மாறாக, 2018-இல் மாலியில் நடந்ததைப் பாருங்கள். பாலைவனத்தில் போரிட்ட பிரெஞ்சுப் படையிடம் பெருஞ்சுமை தூக்கும் ஹெலிகாப்டர் கிடையாது. அதை வெட்கப்படாமல் சொன்னார்கள். பிரிட்டன் 3 சினூக்குகளைக் காவோ நகருக்கு அனுப்பியது. பிரெஞ்சு வீரர்களும் அவர்களுடைய தண்ணீரும் எரிபொருளும் பிரிட்டிஷ் விமானிகளின் கையில் போய்ச் சேர்ந்தன. ஒரு தளபதி தன் குறையை இன்னொரு நாட்டுத் தளபதியிடம் ஒப்புக்கொள்வதைப் படைக்கலம் தருவதைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன். பிரிட்டிஷ் டிவிஷனில் பிரெஞ்சு அதிகாரி துணைத்தளபதியாகவும், பிரெஞ்சு டிவிஷனில் பிரிட்டிஷ் அதிகாரி அதே பொறுப்பிலும் அமர்ந்து பணியாற்றியிருப்பதை நான் பெரிதாக எண்ணுவதும் இதனால்தான். அப்படி ஒருவர் அறைக்குள்ளேயே இருந்தால், தாளைப் படகில் கொண்டுவந்து வாசலில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

நார்த்வுட் பிரகடனம் பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்த கூட்டுப்படையை 50,000 பேர் வரை விரிக்கிறது. இரு நாடுகளின் அணு ஆயுதங்களும் தனித்தனியே இருக்கும், ஆனால் ஒருங்கிணைக்கப்படலாம் என்கிறது. நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த 50,000-ஐ விட, அந்த ஒருங்கிணைப்புக்காக அமைக்கப்பட்டிருக்கும் குழுவில் உட்காரும் சில பேரைத்தான் நான் நம்ப விரும்புகிறேன்.

அன்று மாலை விளக்கேற்றும் நேரத்தில் சொல்தா தாத்தா தீப்பெட்டிகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டன்கெர்க்கை மட்டும் கையில் வைத்திருந்தார். ஹூட்டாக நின்ற என் பென்சில் டப்பாவை அதன் பக்கத்தில், இரண்டும் ஒரே திசையைப் பார்க்கும்படி வைத்து, "முப்பத்தொன்பது நவம்பர்ல இப்படித்தான் போச்சு" என்றார்.

மீண்டும் எழுதுங்கள் தம்பி.

அன்புடன்.