அந்தப் பூங்காவை வாங்கியதே சபைகள்தான்

கேள்வி: எங்கள் தமிழ்ச் சபையின் இளைஞர்கள் சிலர் ஜூன் 19 அன்று எமான்சிபேஷன் பூங்காவில் நடந்த ஜூன்டீன்த் என்ற அடிமை விடுதலை நாள் விழாவுக்குப் போய்விட்டு வந்தார்கள். மேளம், ஆட்டம், சாப்பாடு என்று முழுக்க உலகக் கொண்டாட்டம். விசுவாசிகளுக்கு இது தகுமா? அது கறுப்பின மக்களின் சரித்திரம். அதில் நமக்கு என்ன வேலை? கமிட்டியில் வைத்துக் கண்டிக்கலாம் என்று இருக்கிறோம்.
— வாசகர் ஒருவர், ஹூஸ்டன்

பதில்: தகும். போகாமல் இருப்பதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

உங்கள் பிள்ளைகள் போய் நின்ற இடம் யாருடையது என்று விசாரித்தீர்களா? 1872-இல் ஹூஸ்டனின் ஆன்டியாக் பாப்டிஸ்ட் சபையாரும் டிரினிட்டி மெதடிஸ்ட் சபையாரும் பணம் திரட்டி வாங்கிய 10 ஏக்கர் நிலம் அது. முன்னால் நின்று நடத்தியவர் போதகர் ஜாக் யேட்ஸ், அடிமையாகப் பிறந்தவர். விடுதலை கிடைத்து ஏழே வருடம் ஆன ஜனங்கள் கையிலிருந்த காசைப் போட்டு நிலம் வாங்கியது, ஜூன் 19-ஐக் கொண்டாடத் தங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. இரண்டு சபைகள் உண்டாக்கிய இடத்தில் நடக்கும் விழாவை 'உலகக் கொண்டாட்டம்' என்கிறீர்கள்.

அந்தத் தேதியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1-இலேயே அமலுக்கு வந்துவிட்டது. ஆனால் டெக்சாஸில் அதை நடைமுறைப்படுத்த லிங்கன் அரசுக்குப் போதிய படை இல்லை. 1865 ஜூன் 19 அன்று அந்த அரசின் படைத் தளபதி ஜெனரல் கிரேஞ்சர் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் ஆணையை அறிவித்த பிறகுதான் அந்த மாநிலத்தில் இருந்த சுமார் இரண்டரை லட்சம் அடிமைகளுக்கு அது நிஜமாயிற்று. ஆனால் 1862 டிசம்பர் 31 இரவு, பிரகடனத்துக்காக ஜனங்கள் கண்விழித்துக் காத்திருந்தது எங்கே? பல ஊர்களில் ஆலயங்களில்தான். வருடக் கடைசி இரவு ஆராதனைக்கு நீங்களும் போவீர்கள். கறுப்பினச் சபைகள் பலவற்றில் அந்த ஆராதனையே இந்தக் காத்திருப்பின் நினைவாகவும் நடக்கிறது.

சாப்பாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். ஜூன்டீன்த் பந்தியில் சிவப்பு சோடாவும் தர்பூசணியும் தவறாமல் இருக்கும். முன்னோர் சிந்திய இரத்தத்தின் நினைவு அந்தச் சிவப்பு என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். திருவிருந்தில் பாத்திரத்தை எடுக்கிற நமக்கு இது புரியாத காரியமா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அடிமைத்தனத்துக்கு ஆசீர்வாதம் சொன்னதிலும் சபைக்குப் பங்கு உண்டு. கரீபியன் தீவு அடிமைகளுக்கென்று 1807-இல் லண்டனில் அச்சான வேதாகமத்தில், இஸ்ரவேலர் எகிப்திலிருந்து புறப்பட்ட கதையையே வெட்டி எடுத்துவிட்டார்கள். அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரியாகப் போகலாமா என்ற சண்டையில், போகலாம் என்றவர்கள் 1845-இல் பிரிந்து தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு என்ற சபைக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அதற்கு அந்த மாநாடு மன்னிப்புக் கேட்டது 1995-இல். நூற்றைம்பது வருடம்! இப்படிப்பட்ட சரித்திரத்தை வைத்துக்கொண்டு, 'இது எங்கள் சங்கதி இல்லை' என்று எந்தச் சபையும் ஒதுங்க முடியாது.

நமக்கு என்ன வேலை என்பதற்கும் வருகிறேன். 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற அனுமதி வருடத்துக்கு 100 பேருக்குத்தான். 1965-இல் வந்த புதிய சட்டம்தான் கதவைத் திறந்தது. அந்தச் சட்டத்துக்கு வழிவிட்டது கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழல். அந்தப் போராட்டத்தைக் கறுப்பினச் சபைகள் சுமந்தன, அடியும் பட்டன. 1963-இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் ஞாயிற்றுக்கிழமை காலை கறுப்பினச் சபை ஒன்றின் ஆலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் செத்தார்கள். நீங்கள் ஹூஸ்டனில் வீடு வாங்கி, தமிழில் ஆராதிப்பதற்குப் பின்னால் அவர்கள் கொடுத்த விலையும் இருக்கிறது. மகிழ்கிறவர்களோடு மகிழவும் அழுகிறவர்களோடு அழவும் பவுல் சொன்னது சொந்த ஜாதி ஜனத்துக்கு மட்டும் அல்ல.

சரி, எப்படிப் போவது? விருந்தாளியாகப் போங்கள். துண்டுப்பிரதிக் கட்டு வேண்டாம், மேடையில் பேச வாய்ப்புக் கேட்க வேண்டாம். நடத்துகிறவர்களிடம் முன்னாலேயே பேசி, நாற்காலி போடவோ தண்ணீர் கொடுக்கவோ ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். ஜூன் மாத ஹூஸ்டன் வெயிலில் தண்ணீர் கொடுக்க எத்தனை பேர் இருந்தாலும் போதாது.

அந்த இளைஞர்களைக் கமிட்டிக்கு அழைக்க வேண்டாம். வருகிற ஞாயிறு ஆராதனையில் பத்து நிமிடம் ஒதுக்கி, அங்கே பார்த்ததையும் கேட்டதையும் சபைக்குச் சொல்லச் சொல்லுங்கள்.