எத்தனை வாட் என்பது இருக்கட்டும், மாடிப்படியில் ஏன் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: டாக்டர், வயது 26, ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. சிகரெட்டை விட்டுவிட்டு வேப் (இ-சிகரெட்) பிடிக்கிறேன். அதைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலில் 0.8 ஓம், 12–16 வாட் என்று போட்டிருக்கிறது, நான் 22-ல் வைக்கிறேன். சில சமயம் கருகின ருசி வருகிறது, தொண்டை எரிகிறது, காட்டன் பழுப்பாகிவிடுகிறது. ஃபார்மால்டிஹைடு, பாப்கார்ன் லங் என்றெல்லாம் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. எத்தனை வாட்டில் வைத்தால் நுரையீரலுக்கு ஆபத்தில்லை? பத்து நாளாக இருமல், ராத்திரியில் லேசான காய்ச்சல், இரண்டு தடவை வாந்தி, ஆபீஸ் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மெடிக்கலில் அசித்ரோமைசின் வாங்கி மூன்று நாள் போட்டேன், கேட்கவில்லை. (வேளச்சேரி வாசகர்)

பதில்: தம்பி, முதல் வரியில் எழுத வேண்டியதைக் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். பத்து நாளுக்கு முன்பு சாதாரணமாக ஏறின படியில் இப்போது மூச்சு வாங்குகிறது, கூடவே காய்ச்சல், வாந்தி. வாட்டைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிற விஷயமா இது? இன்றைக்கே ஒரு டாக்டரைப் பாருங்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். கொரோனா சமயத்தில் வாங்கின ஆக்சிமீட்டர் பீரோவில் எங்கேயாவது கிடக்கும், அதை விரலில் மாட்டிப் பாருங்கள். 95-க்குக் கீழே காட்டினாலோ, வீட்டுக்குள்ளேயே ஐந்தாறு நிமிடம் நடந்த பிறகு மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினால் 108-ஐக் கூப்பிடுங்கள். 98 காட்டுகிறதே என்று எக்ஸ்ரேயைத் தள்ளிப்போட வேண்டாம்.

போகிற இடத்தில் வேப் பிடிப்பதை மறைக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2018-லும் நாடு முழுக்க 2019-லும் இதைத் தடை செய்துவிட்டதால், சொன்னால் வம்பு என்று பையன்கள் வாயே திறப்பதில்லை, சிலர் அம்மா பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காகவே சொல்வதில்லை. டாக்டர் போலீஸ் இல்லை. வேப்பால் வரும் நுரையீரல் பாதிப்பு எக்ஸ்ரேயில் நிமோனியா மாதிரியே தெரியும், ஆனால் ஆன்டிபயாடிக்குக் கேட்காது, சிலருக்கு ஸ்டீராய்டு தேவைப்படும். அமெரிக்காவில் 2019-ல் கிளம்பிய அந்தப் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தோ இறந்தோ கணக்கில் வந்தார்கள், அதில் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் காரணம் என்று தெரிந்தது, ஆனாலும் நிக்கோட்டின் மட்டுமே பிடித்ததாகச் சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். பலருக்கு வாந்தி, வயிற்றுவலியும் இருந்தது. உங்கள் வாந்தியை ஓட்டல் சாப்பாட்டின் மேல் போட்டுவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

உங்களுக்கும் அதேதான் என்று நான் சொல்லவில்லை. நம்ம ஊரில் ராத்திரிக் காய்ச்சலும் இருமலும் என்றால் டிபியையும் பார்த்தாக வேண்டும். சளிப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், உங்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற அரசு நெஞ்சக ஆஸ்பத்திரி தூரமும் இல்லை. வைரஸ் காய்ச்சலாகவும் இருக்கலாம். இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் வேப் மேல் பழியைப் போட முடியும். கேட்டால் கொடுக்கிற மெடிக்கல் கடையில் அசித்ரோமைசினை வாங்கி விழுங்கி மூன்று நாளை வீணாக்கினீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். இன்னொரு கோர்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள்.

சரி, வாட். காயில் சூடாகிறது, காட்டன் திரவத்தை உறிஞ்சி அதற்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 16 வரை என்று போட்ட காயிலை 22-ல் ஓட்டினால் திரவம் வந்து சேர்வதற்குள் காயில் காய்ந்துவிடும், காட்டன் கருகும், அந்தத் திரவத்தில் இருக்கிற கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் எல்லாம் வரும். வடைச் சட்டியில் எண்ணெய் புகைந்தால் கண்ணும் தொண்டையும் எரிகிறதே, அந்த எரிச்சலுக்கும் அக்ரோலின்தான் முக்கியக் காரணம். 2015-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வேப்பை 3.3 வோல்ட்டில் ஓட்டியபோது ஃபார்மால்டிஹைடு பிடிபடவில்லை, 5 வோல்ட்டில் எக்கச்சக்கமாக வந்தது. அந்தச் சூட்டில் கருகின ருசி தாங்காமல் யாருமே இழுக்க மாட்டார்கள் என்று அப்போது எதிர்வாதம் வந்தது. நீங்கள் இழுத்துக்கொண்டிருக்கிறீர்களே! ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான், ஆனால் நாலு கருகின இழுப்பில் புற்றுநோய் வந்துவிடாது. அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

அப்படியானால் 14-ல் வைத்தால் போதுமா? கருகல் குறையும். ஆனால் ஒரு இழுப்பில் கிடைக்கிற நிக்கோட்டினும் குறையும், போதவில்லை என்று இன்னும் நாலு இழுப்பு இழுப்பீர்கள், காயிலிலிருந்து வரும் உலோகத் துகள்களும் வாசனைப் பொருள்களும் அப்படியே உள்ளே போகும். அந்த 12–16 என்ற எண்ணையும், தடை செய்த சரக்கில் யார் சோதித்துப் போட்டது? அதை நம்பி நுரையீரலுக்குக் கணக்குப் போட என்னால் முடியாது.

பாப்கார்ன் லங் என்பது நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பாகிச் சுருங்கும் நோய், அமெரிக்காவில் பாப்கார்ன் ஆலையில் வெண்ணெய் வாசனைக்குப் போடும் டைஅசெட்டிலை நாள் முழுக்கச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு வந்தது. அதைப் பற்றிப் படிப்பதை நிறுத்துங்கள். காட்டன் பழுப்பாவது பெரும்பாலும் இனிப்புச் சுவையூட்டி கருகுவதால்.

வேப்பை இன்றோடு நிறுத்துங்கள், ஆனால் அதற்குப் பதிலாக டீக்கடையில் நின்று மறுபடி சிகரெட்டைப் பற்ற வைக்காதீர்கள். எக்ஸ்ரே பார்க்கிற டாக்டரிடமே 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் பற்றிக் கேளுங்கள். அதை சூயிங்கம் மாதிரி மென்று தள்ளக் கூடாது, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். புகையிலையை விட உதவுகிற அரசு இலவச எண் 1800-112-356. மற்றதை எக்ஸ்ரே ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.