நிரந்தர உறைபனி நிலத்தில் வீடும் தோட்டமும்: மண்ணில் எதைப் பார்க்க வேண்டும்?

நிலம் நிரந்தரமாக உறைந்து கிடக்கும் குளிர்ப்பகுதியில் வீடு கட்டி, பக்கத்திலேயே காய்கறித் தோட்டமும் போட மண் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் முடியும், ஆனால் வீட்டுக்கு அடியிலுள்ள மண் உறைந்தே இருக்க வேண்டும், தோட்டத்து மண்ணோ சூடேற வேண்டும். இந்த முரணை மனத்தில் வைத்துத்தான் மனையைப் பிரிக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ந்து பூச்சியம் டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறாத நிலத்தையே பெர்மாஃப்ராஸ்ட் என்கிறோம். அதன் மேல், கோடையில் உருகிக் குளிர்காலத்தில் மீண்டும் உறையும் அடுக்கு ஒன்று உண்டு. உறைந்திருக்கும்வரை எந்த மண்ணும் உறுதியானதுதான்; உருகினால் என்னவாகும் என்பதே கேள்வி. துளையிட்டு எடுத்த நுண்வண்டல் மாதிரி கல்லைப் போல் இறுகியிருக்கும். உற்றுப் பார்த்தால் மயிரிழை முதல் விரல் தடிமன் வரை பனிக்கட்டிப் படலங்கள் குறுக்கே ஓடுவது தெரியும். அதையே ஒரு தட்டில் உருகவிட்டால், மேலே நீர் தேங்கி நிற்க, அடியில் குழைசேறுதான் மிஞ்சும். அந்த நீரின் அளவுக்கு வீடு அமிழும், அதுவும் சீராக அல்ல, ஒரு மூலை முந்தியும் மறு மூலை பிந்தியும். பாறையும், பனிக்கட்டி குறைந்த சரளையும் உருகினாலும் பெரிதாக அமிழ்வதில்லை. அத்தகைய இடம் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். ஆகவே மனை வாங்கும் முன்பே துளையிட்டுப் பார்ப்பது கட்டாயம் என்பேன்.

வண்டலில்தான் கட்ட வேண்டுமென்றால், வீட்டின் வெப்பம் தரையைத் தொடக்கூடாது. சைபீரியாவின் யாகுட்ஸ்கில் அடுக்குமாடிக் கட்டடங்களைத் தூண்கள்மேல் எழுப்பி, அடியில் குளிர்காற்று ஓட இடைவெளி விடுவது இதற்காகத்தான். அந்த இடைவெளியைப் பலகையடித்து மூடிச் சாமான் அறையாக்க ஆசை வரும்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குளிர்காலத்தில் வழித்த பனியைச் சுவரோரம் குவிப்பதும் தவறு, ஏனெனில் பனி போர்வையாகி நிலத்தைக் குளிரவிடாமல் தடுக்கிறது.

தரையை மூடியுள்ள பாசியையும் கீழானதாக எண்ணிவிடக் கூடாது. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் 1946இல் தொடங்கிய கள ஆய்வில், மரங்களையும் பாசியையும் முழுவதும் அகற்றிய நிலத்தில் 26 ஆண்டுகளில் உறைபனி மேலிருந்து உருகி, அதன் மேல்மட்டம் சுமார் 6.7 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. தோட்டத்துக்காக நிலத்தைச் சுத்தம் செய்வதென்பதும் இதே வேலைதான். ஆகவே தோட்டம் வீட்டிலிருந்து தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். பாய்ச்சும் நீர் அடித்தளத்தை நோக்கி ஓடவே கூடாது. வடகோளத்தில் தெற்கு நோக்கிய சரிவுகள் வெயிலை நன்கு வாங்குவதால், பெர்மாஃப்ராஸ்ட் விட்டுவிட்டுப் பரவியுள்ள ஃபேர்பேங்க்ஸ் போன்ற பகுதிகளில் அவை பெரும்பாலும் உறையாமலேயே இருக்கும். தோட்டத்துக்கு முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

தட்டையான இடத்தில் சிக்கல் வேறு. மழை குறைவாயிருந்தும், அடியிலுள்ள உறைபனி நீரை இறங்கவிடாததால் மண் சொதசொதவென்று நனைந்து, குளிர்ந்து, பெரும்பாலும் புளித்து, அதாவது அமிலத்தன்மை மிகுந்து கிடக்கும். குளிரில் மட்கும் வேகமும் மிகக் குறைவு. கறுப்பாகத் தெரியும் அந்த மண்ணில் செடிக்கு எட்டும் தழைச்சத்து அதிகம் இராது. பலகையடைத்து உயர்த்திய பாத்திகளில் நன்கு மட்கிய எருவிட்டு, புளிப்பைச் சோதித்தபின் தேவையான அளவு மட்டும் சுண்ணாம்பு சேர்த்து, விதைப்புக்கு முன்பே பிளாஸ்டிக் தாள் விரித்து மண்ணைச் சூடேற்றுங்கள். கோடையின் நீண்ட பகல் வெளிச்சத்தில் முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி ஆகியவை அங்கு நன்றாகவே வரும். தக்காளிக்கு மட்டும் பசுமைக்குடில் வைத்துக்கொள்ளுங்கள்.